கேக்கல, சொல்லுதேன்

அத்தை ஸ்கூட்டர் வாங்கிய செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எங்கள் மதுரை வீட்டுக்கு வந்தது. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் நான்தான் போனை ஸ்பீக்கரில் போட்டு அவர் முன்னால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"ஏலே, ஸ்கூட்டர் எடுத்திருக்கேன்" என்றாள் அத்தை.

"ஸ்கூட்டரா? ஒனக்கு சைக்கிளே ஓட்டத் தெரியாதேக்கா. கீழ விழுந்து எலும்பு முறிஞ்சா அங்கன யாரு இருக்கா பாக்கதுக்கு? அதெல்லாம் வேண்டாம்."

"எடுக்கட்டுமான்னு கேக்கல. எடுத்திருக்கேன்னு சொல்லுதேன்."

அப்பா சோற்றில் கைவைத்தபடியே போனைப் பார்த்தார். பிறகு என்ன நிறம் என்று கேட்டார். அத்தையிடம் பேசி ஜெயித்தவர்கள் எங்கள் குடும்பத்தில் யாரும் கிடையாது. நிறம் கேட்கும் இடத்துக்கு எவ்வளவு சீக்கிரம் வந்து சேர்கிறோமோ அவ்வளவு நல்லது.

அவள் அதைக் கோபமாகச் சொல்ல மாட்டாள். பாளையங்கோட்டையில் இன்றைக்கு வெயில் அதிகம் என்று சொல்கிற மாதிரிதான் சொல்லுவாள். கேக்கல, சொல்லுதேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். அங்கேயும் இதே பேச்சுதான். ஊசிக்குப் பயந்து கட்டிலின் மறுபக்கம் ஒதுங்கும் ஆட்களிடம், "போடட்டுமான்னு கேக்கல அண்ணாச்சி, போட்டாச்சு" என்பாளாம். அந்த ஆள் திரும்பிப் பார்க்கும்போது அத்தை பஞ்சைத் தேய்த்துக்கொண்டிருப்பாள்.

மாமா இறந்தபோது அத்தைக்கு முப்பது வயதுகூட முடியவில்லை. பிள்ளைகளும் இல்லை. அடக்கம் முடிந்த மறுநாள் தாத்தா வீட்டுக்கூடத்தில் எல்லாரும் உட்கார்ந்து, இனி இவள் யார் வீட்டில் இருப்பது என்று பேசினார்களாம். பெரியப்பா, சென்னையில் என்னோடு இருக்கட்டும் என்றார். மாமாவின் அண்ணன், முறைப்படி எங்கள் வீட்டில்தான் இருக்க வேண்டும் என்றார். அம்மா இதை எனக்குப் பலமுறை சொல்லியிருக்கிறாள். அத்தை அடுக்களையிலிருந்து காப்பித் தட்டோடு வந்து, ஒவ்வொருவர் கையிலும் தம்ளரைக் கொடுத்து முடித்தபிறகு, "திங்கக்கிழமை டூட்டிக்குப் போறேன். இங்கன அப்பாகூட இருக்கப்போறேன்" என்றாளாம். மாமாவின் அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். "ஒங்ககிட்ட யோசனை கேக்கல அத்தான். காப்பிக்கு சீனி போதுமான்னு மட்டும் சொல்லுங்க."

இதெல்லாம் கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. கூடவே இருந்தவர்களுக்கு எப்போதும் அப்படி இருந்ததில்லை.

தாத்தாவுக்கு சர்க்கரை வியாதி. கால் விரலில் தொடங்கிய புண் கணுக்காலுக்கு ஏறியது. ஒருநாள் காலையில் டாக்டர், முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட வேண்டும், தாமதித்தால் உயிருக்கு ஆபத்து என்றார். பெரியப்பாவுக்குத் தகவல் போய், அவர் சென்னையில் ரயில் ஏறிவிட்டார். "மூத்த மகன் வரட்டுமே, ஒரு ராத்திரிதானே" என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அத்தை காத்திருக்கவில்லை. தானே கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் பெரியப்பா பெட்டியோடு வார்டுக்குள் வந்தபோது தாத்தாவின் போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்தது. தாத்தா அதற்குப் பிறகு பல வருடங்கள் இருந்தார். கட்டைக்காலை மாட்டிக்கொண்டு ஞாயிறு தவறாமல் வேதக்கோயிலுக்குப் போய்ப் பாட்டும் பாடினார். அத்தை செய்தது சரி என்று டாக்டரே சொன்னார். ஆனாலும் பெரியப்பாவுக்கு அந்தப் போர்வை கண்ணைவிட்டுப் போகவில்லை. அண்ணனும் தங்கையும் பேசிக்கொள்வார்கள், கிறிஸ்மஸுக்குத் துணி அனுப்பிக்கொள்வார்கள். ஆனால் அவர் தாத்தாவின் அடக்கத்துக்குப் பிறகு பாளையங்கோட்டை வீட்டில் ஒரு ராத்திரிகூடத் தங்கியதில்லை.

அத்தைக்கு அறுபது வயது வந்தபோது அவளே எல்லாருக்கும் போன் செய்தாள். "அறுபது முடியுது. ஸ்தோத்திர ஜெபம் வச்சிருக்கேன். எல்லாரும் ரெண்டு நாள் வந்து தங்குதிய. போக வர டிக்கெட் போட்டாச்சு. பேரப்பிள்ளைகளுக்கு ஊரைச் சுத்திக்காட்ட வேனும் சொல்லியாச்சு."

"பொறந்த ஊரைச் சுத்திப்பாக்க வேனா?" என்று பெரியப்பா கேட்டாராம்.

"நீங்க பொறந்த ஊரு இப்ப இல்லண்ணே. இது வேற ஊரு. வந்து பாருங்க."

அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை காலையில் நாங்கள் எல்லாரும் அந்த வேனில் ஏறினோம். பெரியப்பா, பெரியம்மை, அவர்களுடைய மகள், அவளுடைய இரண்டு பிள்ளைகள், அப்பா, அம்மா, நான். டிரைவருக்குப் பக்கத்து ஸீட்டில் அத்தை. அவளுக்குப் பின்னால் ஒற்றை ஸீட்டில் எங்களுக்குத் தெரியாத ஒருவர். மெலிந்த உடம்பு, தும்பைப்பூ வேட்டி, நெற்றியில் அளவாகத் திருநீறு, மடியில் மஞ்சள் பை. எல்லாரையும் பார்த்துக் கும்பிட்டார்.

"இது யாரு?" என்றார் பெரியப்பா.

"கூட வாராரு. ஊரைக் காட்டுததுக்கு" என்றாள் அத்தை.

அவ்வளவுதான். அந்த நிமிஷத்திலிருந்து அவர் எங்களுக்குக் கைடு.

நெல்லையப்பர் கோயில் வாசலில் பெரியப்பா முதலில் இறங்க மாட்டேன் என்றார். சென்னையில் சபைக் கமிட்டியில் இருப்பவர். "கும்பிடச் சொல்லல, பாக்கத்தான் சொல்லுதேன்" என்று அத்தை வேன் கதவைத் திறந்துவிட்டாள். ஆற்றுக்கு இந்தப் பக்கம், பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த பெரியப்பா, அந்தப் பக்கம் இருந்த கோயிலுக்குள் வாழ்நாளில் முதன்முறையாக நுழைந்தார். நுழைந்ததும் எல்லாரையும் விட ஆர்வமாகப் பார்த்தவரும் அவர்தான். இசைத்தூண் பக்கம் போய், காவலாளி அந்தப் பக்கம் திரும்பிய நேரமாகப் பார்த்து, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிக் காதை ஒட்டவைத்துக் கேட்டார்.

"கைடு, இதை எந்த ராஜா கட்டினான்?"

"தெரியலிங்களே" என்றார் அந்த மனிதர். "நான் சாமி கும்பிடத்தான் வருவேன். யாரு கட்டுனதுன்னு கேட்டுக்கிட்டதில்ல. அங்கன போர்டுல போட்டிருக்கும். வாசிச்சுச் சொல்லட்டுமா?"

பெரியப்பா அப்பாவைப் பார்த்தார். இப்படி ஒரு கைடை எங்கே பிடித்தாள் என்பது அந்தப் பார்வையின் பொருள்.

அன்றைக்கு முழுக்க அப்படியே போனது. தேர் எத்தனை டன் என்று கேட்டால், கனமாகத்தான் இருக்கும் என்றார். அல்வாவில் என்ன சேர்க்கிறார்கள் என்று பெரியம்மை கேட்டதற்கு, கோதுமையும் சீனியும் என்று சொல்லிவிட்டு, நெய்யும் உண்டு என்று கொஞ்சநேரம் கழித்துச் சேர்த்துக்கொண்டார். ஜங்ஷனில் ரெண்டடுக்குப் பாலத்துக்குக் கீழே வேன் நெரிசலில் நின்றபோது மட்டும், "இது கட்டும்போது நான் படிச்சிட்டிருந்தேன். கிளாசுக்குப் போகாம இங்கன வந்து நின்னு வேடிக்கை பாப்போம்" என்றார். அன்று அவர் சொன்ன ஒரே சரித்திரத் தகவல் அதுதான். ஆனால் பெரியம்மைக்கு வெயில் பட்டால் தலைவலி வரும் என்று தெரிந்ததும் குடையை வாங்கி அவளுக்குப் பிடித்துக்கொண்டே நடந்தார். தண்ணீர்ப் பாட்டில் பையைத் தோளில் போட்டுக்கொண்டார். பிள்ளைகளில் சின்னவனுக்கு வாந்தி வந்தபோது, மஞ்சள் பையிலிருந்து நார்த்தங்காய்த் துண்டு எடுத்து வாயில் வைத்துவிட்டார். அத்தையிடம் மட்டும் அவ்வப்போது குனிந்து, "சிஸ்டர், வண்டியை நெழலுல போடச் சொல்லட்டுமா?" என்று கேட்டுக்கொண்டார்.

மத்தியானம் பாளையங்கோட்டை ஊசிக்கோபுரச் சர்ச்சுக்கு வந்தோம். அங்கே நிலைமை தலைகீழானது. அது எங்கள் குடும்பம் தலைமுறையாகப் போன கோயில். பெரியப்பா கைடின் கையைப் பிடிக்காத குறையாக அழைத்துக்கொண்டு போய், கோபுரம் எப்படி எழுந்தது, மணி எங்கிருந்து வந்தது, பாடகர் குழு எங்கே நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த மனிதர் வாயைத் திறக்காமல், கண் எடுக்காமல் கேட்டார். நடுவில் நல்ல கேள்விகளாக ஒன்றிரண்டு கேட்டார். பெரியப்பாவை அவ்வளவு உற்சாகமாக நான் பார்த்ததில்லை. "காசு குடுத்துக் கூட்டிட்டு வந்த கைடுக்கு ஒங்க அண்ணன் கைடு வேலை பாக்காவ" என்று அம்மா அப்பாவின் காதில் சொன்னாள்.

"எங்க அப்பா இந்த பெஞ்சுலதான் உக்காருவாரு" என்றார் பெரியப்பா.

அந்த மனிதர் பெஞ்சின் ஓரத்தைத் தொட்டுப் பார்த்தார். "கட்டைக்காலை மாட்டிக்கிட்டு இந்தப் படியில எப்படி ஏறினாவ?"

"யாராவது தூக்கிவிடுவாங்க" என்று சொல்லிக்கொண்டே நகர்ந்த பெரியப்பா நான்கடி போனதும் நின்றார். அப்பாவுக்குக் கட்டைக்கால் என்று இவனுக்கு யார் சொன்னது என்று என்னிடம் மெதுவாகக் கேட்டார். நான் அத்தையைப் பார்த்தேன். அவள் பிள்ளைகளுக்குச் செருப்பு வார் மாட்டிக்கொண்டிருந்தாள்.

சாயங்காலம் குறுக்குத்துறை. ஆற்றின் நடுவிலேயே முருகன் கோயில். வெள்ளம் வந்தால் மூழ்கிவிடும், வடிந்ததும் கழுவிவிட்டு மறுபடி பூசை செய்வார்கள். அன்றைக்குத் தண்ணீர் அமைதியாக, பாறைகளைச் சுற்றிப் போய்க்கொண்டிருந்தது. எல்லாரும் கரையோரக் கல்லில் உட்கார்ந்தோம். அத்தை அல்வாப் பொட்டலத்தைப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுத்தாள். எல்லாரும் வாயில் போட்டுக்கொள்ளும்வரை காத்திருந்தாள்.

"நாளைக்குக் காலையில ரிஜிஸ்டர் ஆபீஸ்ல எனக்குக் கல்யாணம்" என்றாள். "எல்லாரும் வாரிய. அப்புறம் மத்தியானச் சாப்பாடு, ஸ்தோத்திர ஜெபமும் அதோட சேத்துத்தான்."

திருநெல்வேலி அல்வாவை வாயில் வைத்துக்கொண்டு உடனே எதுவும் சொல்லிவிட முடியாது. அத்தைக்கு அது தெரியும். முதலில் விழுங்கி முடித்தவள் பெரியம்மைதான்.

"மாப்பிள்ளை யாரு?"

"ஒங்க குடையை மடக்கிக் கையில வச்சிருக்காருல்லா, அவருதான்."

பெரியம்மை திரும்பி அந்த மனிதரைப் பார்த்தாள். பிறகு எழுந்துபோய், மிகவும் மரியாதையாக, அவர் கையிலிருந்து குடையை வாங்கிக்கொண்டாள். அம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு, "மைனி, அவிய ஒங்கள சிஸ்டர்னுல்லா கூப்பிடுதாவ?" என்றாள்.

"ஆஸ்பத்திரியில பழகுன வாயி. கல்யாணத்துக்கப்புறம் மாத்திக்கிடுவாரு."

(மாற்றிக்கொள்ளவில்லை. அத்தை அவருடைய ஊரான கல்லிடைக்குறிச்சியில் அவரோடு வாழ்ந்தது கொஞ்ச வருடங்கள்தான். கடைசி நாள்வரை சிஸ்டர்தான். அந்தத் தெருவில் பாதிப்பேர் அவர்களை அண்ணன் தங்கை என்று நினைத்துப் பிறகு திருத்திக்கொண்டார்கள்.)

அவர் தபால் ஆபீஸில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். சைவ வேளாளர். அவருடைய மனைவி அத்தையின் வார்டில்தான் பல மாதம் கிடந்து இறந்தார். அதற்குப் பிறகு வருடத்துக்கு ஒருமுறை, அந்த அம்மாள் இறந்த நாளில், நர்ஸுகளுக்கு முறுக்கும் அப்பளமும் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போவாராம். அத்தை ஓய்வுபெறும் வருடம் அவர் வந்தபோது, "அடுத்த வருஷம் நான் இங்கன இருக்கமாட்டேன்" என்றிருக்கிறாள். "அப்ப அப்பளத்தை எங்கன கொண்டு வரணும் சிஸ்டர்?" என்று கேட்டாராம். அந்தக் கேள்வியில் தொடங்கியதுதான்.

இதெல்லாம் அம்மா பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டது. குறுக்குத்துறையில் அப்போது இதைக் கேட்கும் பொறுமை பெரியப்பாவுக்கு இல்லை. இலையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார்.

"என்னட்டி நெனச்சிட்டிருக்க? காலையிலேர்ந்து எங்க எல்லாரையும் வச்சு நாடகமா ஆடுத? இந்த ஆளு பெஞ்சைத் தொட்டுப் பாக்காரு, நானும் ஈன்னு இளிச்சிட்டு எல்லாத்தையும் காட்டுதேன்."

"நாடகம் இல்லண்ணே. இன்னாருன்னு மொதல்லயே சொல்லியிருந்தா நீங்க ஆளைப் பாத்திருக்க மாட்டிய. திருநீறைத்தான் பாத்திருப்பிய. அதான் ஒருநாள் சும்மா பாக்கட்டும்னு விட்டேன். நல்ல மனுசன்னு ஒங்களுக்கே தெரிஞ்சுதா இல்லையா?"

"அவன் மாறுதானா, நீ மாறப்போறியா?"

"ரெண்டு பேரும் மாறல. மாறணும்னா இந்த வயசுல என்னத்துக்குக் கல்யாணம்? அவரு கோயிலுக்கு அவரு போவாரு, என் கோயிலுக்கு நான் போவேன். வீட்டுக்கு வந்து ஒண்ணா சாப்பிடுவோம்."

"அப்பா இருந்தா இதுக்கு ஒத்துக்கிடுவாரா?"

"அப்பாட்டயும் கேட்டிருக்க மாட்டேன்."

பெரியப்பாவின் முகம் மாறிவிட்டது. அவர் குரலை உயர்த்தவில்லை. "ஆமா. அப்பா காலை வெட்டும்போதும் நீ யாருட்டயும் கேக்கல" என்றார். அத்தை அல்வாப் பொட்டலத்தை மறுபடி மடித்துக் கட்டினாள். மாப்பிள்ளையாகப்போகிறவர் பாட்டில்களைப் பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தவர், அப்படியே குனிந்தபடி நின்றார்.

இன்றைக்கே ஊருக்குப் போகிறேன் என்றார் பெரியப்பா. டிக்கெட்டு நாளை ராத்திரிக்குத்தான், அதுவும் என் போனில் இருக்கிறது என்றாள் அத்தை. பஸ்ஸில் போவேன் என்றார். பெரியம்மை, பஸ்ஸில் நான் வரமாட்டேன், எனக்கு இடுப்பு வலி என்றாள். இப்படியாக அவர் பாளையங்கோட்டை வீட்டில் அந்த ராத்திரி தங்க வேண்டியதாயிற்று.

மறுநாள் அத்தை மாம்பழ நிறத்தில் பட்டுப்புடவை கட்டி, நிறையப் பிச்சிப்பூ வைத்திருந்தாள். ரிஜிஸ்டர் ஆபீஸ் சுவரில் அவர்கள் இரண்டு பேர் படமும் போட்ட நோட்டீஸ் ஒரு மாதமாக ஒட்டியிருந்தது. ஊரே பார்த்திருக்கிறது, எங்களுக்குத்தான் தெரியவில்லை. அதிகாரி, "இருவருக்கும் முழு சம்மதம்" என்று தொடங்கியபோதே அத்தை, "ஆமா" என்றுவிட்டாள். அப்பாவும் அம்மாவும் நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டோம். பெரியப்பா உள்ளே வரவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் வேனின் கதவைத் திறந்துபோட்டு உட்கார்ந்திருந்தார். மாலையோடு வெளியே வந்த அத்தை அவரைப் பார்த்தாள். கிட்டே போகவில்லை. முன் ஸீட்டில் ஏறிக்கொண்டாள்.

மத்தியானச் சாப்பாடு கல்லிடைக்குறிச்சியில், மாப்பிள்ளை வீட்டில். அது முடிந்ததும் பாபநாசம் அருவிக்குப் போவதாகத் திட்டம். வழிநெடுக இரண்டு பக்கமும் நெல் நின்றது. வேனில் எல்லாரும் ஜன்னல் பக்கம் திரும்பி வயலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். சின்னவன் மட்டும், "தாத்தா, கைடு மாமாவுக்கு ஏன் மாலை போட்டிருக்கு?" என்று பெரியப்பாவிடம் கேட்டு, அவன் அம்மாவிடம் கிள்ளு வாங்கினான்.

வீட்டு வாசலில் இறங்கியதும் எல்லாரும் உள்ளே போனோம். சாம்பார் மணமும் அப்பளம் பொரிக்கும் சத்தமும் வந்தன. பெரியப்பா நடையில் கால் வைக்கவில்லை. "எனக்குப் பசிக்கல. ஆத்துல முகம் கழுவிட்டு வாரேன்" என்று தெருக்கோடிக்கு நடந்தார். அங்கே படித்துறை. கொஞ்சநேரம் கழித்து அத்தை பின்னாலேயே போனாள். என்ன ஆகுமோ என்று நாங்களும் போனோம்.

பழைய படித்துறை. உயரமான கல்படிகள், கீழே போகப் போகப் பாசி. பெரியப்பாவுக்கு இரண்டு முழங்காலும் சரியில்லை. இரண்டாவது படியிலேயே தடுமாறி நின்றுவிட்டார். எங்களுக்கு முன்னால் மாப்பிள்ளை வேகமாக இறங்கிப்போய்க் கையை நீட்டினார்.

"பாசி வழுக்கும். பிடிச்சிக்கிடுங்க."

"ஒண்ணும் வேண்டாம்" என்றார் பெரியப்பா.

சொல்லிவிட்டு, வெள்ளைப் பேண்ட்டோடு படியில் உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் ஊன்றி, பின்புறத்தால் சரிந்து அடுத்த படிக்கு இறங்கினார். மூச்சு வாங்கியது. மறுபடி ஊன்றினார். துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் துவைப்பதை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். வங்கியில் மேனேஜராக இருந்து எத்தனையோ பேரை எழுந்து நிற்கவைத்த மனிதர், குழந்தையைப் போல ஒவ்வொரு படியாகச் சறுக்கி இறங்கிக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை நீட்டிய கையை மடக்கவும் முடியாமல் நின்றார். அத்தை அவரைத் தாண்டிப் போனாள். மாலையைக் கழற்றி அவர் கையில் கொடுத்தாள். பட்டுப்புடவையை ஒதுக்கிக்கொண்டு அண்ணன் பக்கத்தில் அதே படியில் உட்கார்ந்தாள். அவர் ஊன்றிச் சரிந்தபோது அவளும் ஊன்றிச் சரிந்தாள்.

"நீ எதுக்குட்டி வார? பட்டு நாசமாப் போகும்."

"போகட்டும்."

இன்னொரு படி இறங்கினார்கள். "நீ என்னை ஒரு மனுசனா மதிச்சிருக்கியா?" என்றார் பெரியப்பா. மூச்சிரைப்புக்கு நடுவில் அது திட்டுகிற மாதிரி இல்லை. "நான் ஒனக்கு அண்ணன்தானே. ஒரு தடவ. ஒரே ஒரு தடவ எதையாவது எங்கிட்ட கேட்டிருக்கியா?"

அத்தை அடுத்த படியில் உட்கார்ந்தபிறகு சொன்னாள்.

"கேட்டா நீங்க வேண்டாம்பிய. அன்னைக்கும் ஆஸ்பத்திரியில வேண்டாம்னுதான் சொல்லியிருப்பிய. அப்பா காலு, எப்படிச் சரின்னு சொல்லுவிய? ஆனா நீங்க வேண்டாம்னு சொன்னாலும் நான் போட்டிருப்பேன் கையெழுத்தை. அண்ணன் வாயால வேண்டாம்னு சொல்லி, அதைத் தாண்டி நான் செய்யணுமா? அந்தப் பேச்சைத் தாண்டக்கூடாதுன்னுதான் நான் கேக்கதே இல்ல."

பெரியப்பா சறுக்குவதை நிறுத்தினார். ஆற்றைப் பார்த்தபடி இருந்தார். அவர் உதடு அசைந்தது. மேலே நின்ற எங்களுக்கு என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. அத்தை தலையை ஆட்டினாள். பிறகு இரண்டு பேரும் மீதிப் படிகளையும் அதே மாதிரி இறங்கித் தண்ணீரில் காலை விட்டு உட்கார்ந்தார்கள். கொஞ்சநேரத்தில் குரல்கள் உயர்ந்தன. மறுபடி சண்டையோ என்று அப்பா காதைக் கொடுத்துக் கேட்டார். சின்ன வயதில் முக்கூடல் ஆற்றில் யார் யாரைத் தள்ளிவிட்டார்கள் என்பதில் தகராறாம்.

முகம் கழுவி முடிந்தது. வெயிலும் ஏறிவிட்டது. ஆனால் இறங்கிய இரண்டு பேருக்கும் ஏற முடியவில்லை. அத்தை ஒருமுறை எழப் பார்த்து, ஈரப் புடவை தடுக்க மறுபடி உட்கார்ந்தாள். பெரியப்பா எழவே முயலவில்லை. இரண்டு பேரும் மேலே திரும்பிப் பார்க்காமல், ஏதோ இன்னும் நிறையப் பேச வேண்டியது இருக்கிறதுபோல ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வீட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். அவர்களாகக் கூப்பிடாமல் நாங்கள் இறங்கிப் போனால் இரண்டு பேரில் யாராவது திட்டுவார்கள்.

மாப்பிள்ளைதான் தயங்கவில்லை. கையிலிருந்த மாலையை அம்மாவிடம் கொடுத்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பாசியில் கால் விரல்களை ஊன்றி ஊன்றி இறங்கினார். முதலில் அத்தையிடம் போகவில்லை. பெரியப்பாவுக்குப் பின்னால் போய்க் குனிந்து, இரண்டு அக்குளிலும் கைகொடுத்துத் தூக்கினார். அந்த மெலிந்த உடம்பு அந்தக் கனத்துக்கு ஒருமுறை ஆடி, பிறகு நின்றது.

பெரியப்பா உதறவில்லை. பாதி எழுந்த நிலையில் அவர் தோளைப் பற்றிக்கொண்டார்.

"மெதுவா, பையப் பிடியும்வே" என்றார். "முட்டி வலிக்கு."